போதிதர்மரும் கரண்ட் வைத்த ஊசியும்

முழங்கால் வலிக்கு ஊசி குத்தி அதில் கரண்ட் வைக்கிறார்களாம், போகலாமா என்று நம் குடியிருப்பில் யாராவது கேட்டால் போதும். "தாராளமா போங்க, நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் சீனாக்காரனுக்குக் கொடுத்ததுதானே அது" என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிவிடுவார். 2011ல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்தப் பதில் ஊரில் நன்றாக வேரூன்றிவிட்டது.

ஊர்ப் பெருமையில் கை வைக்க எனக்கும் மனமில்லை. ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. போதிதர்மர் சீனாவுக்குப் போனது கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில். குத்தூசி மருத்துவத்தை விரிவாகச் சொல்லும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற சீன நூல் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொகுக்கப்பட்டுவிட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்போ (கி.பி. 547) அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்திய அரசரின் மகன் என்பது அதற்குப் பின் வந்த குறிப்பு.

ஆதாரத்தோடு சொல்லக்கூடிய பாதை எதிர்த்திசையில் வருகிறது. 1938ல், ஜப்பானின் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் 1942ல் அங்கேயே இறந்தார். அவர் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடன் சென்ற டாக்டர் பிஜய் குமார் பாசுவை நம் பக்கம் அவ்வளவாகத் தெரியாது. அவர் 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா போய்க் குத்தூசி கற்றுவந்து, கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். நம் நாட்டில் அக்குபங்சர் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்கு வங்கம் 1996ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது.

ஊசியில் மின்சாரம் சேர்ந்தது வேறு கதை. 1825ல் பாரிஸ் டாக்டர் சார்லாந்தியேர் ஊசி வழியே மின்சாரம் செலுத்தி மூட்டு வாதத்துக்கு வைத்தியம் செய்ததைப் புத்தகமாக எழுதினார். அது பெரிதாகப் பரவவில்லை. 1958 முதல் சீனாவில், ஊசி குத்தி வலியை மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். ஆபரேஷன் முடியும்வரை ஊசியைக் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நேரம்தான் திருகுவது? அந்த வேலையைச் சின்ன மின்கருவி ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். இரண்டிரண்டு ஊசிகளில் கிளிப் மாட்டி, லேசான மின்துடிப்பு. நோயாளி விழித்தபடி சிரிக்கும் புகைப்படங்கள் உலகெங்கும் போயின. பலருக்குக் கூடவே மருந்தும் கொடுத்திருந்ததைப் படம் சொல்லவில்லை!

கருவி வந்ததால் அளந்து பார்க்க முடிந்தது. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் செய்த ஆய்வுகளில், வினாடிக்கு 2 துடிப்பு வைத்தால் எண்டார்பின் வகையும், 100 துடிப்பு வைத்தால் டைனார்பினும் சுரப்பது தெரிந்தது. இரண்டும் உடம்பு தானே தயாரிக்கும் வலிநிவாரணிகள். 1976ல் கனடாவின் பொமரான்ஸ், எலிகளுக்கு நலாக்சோன் என்ற முறிவு மருந்தைக் கொடுத்தார். ஊசியால் கிடைத்த வலிநிவாரணம் மறைந்துவிட்டது.

வலி மட்டுமல்ல. நம் வீட்டுப் பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தொல்லை, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது. சீனாவில் இந்தத் தொல்லை உள்ள 504 பெண்களுக்கு ஆறு வாரத்தில் 18 முறை சிகிச்சை தந்து, 2017ல் முடிவை வெளியிட்டார்கள். மின் குத்தூசி பெற்றவர்களுக்குக் கசிவு 9.9 கிராம் குறைந்தது. குத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு 2.6 கிராம்.

ஆனால் தேய்ந்த மூட்டை இது வளர்க்காது. தறிக்குழியில் முப்பது வருஷம் உட்கார்ந்த பிள்ளையார்பாளையத்துப் பெரியவருக்கு வலி தணியலாம். இடுப்பு எலும்பு பழையபடி ஆகாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் போகவே வேண்டாம். நம் பக்கம் அக்குபங்சர் என்ற பெயரில் விரலால் தொட்டு மட்டும் அனுப்புகிறவர்களும் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகள் அவர்கள் முறையைப் பற்றியவை அல்ல.

போகிறவர்கள் ஊசி புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் உங்கள் இதய டாக்டரைக் கேட்காமல் கிளிப் மாட்ட விடாதீர்கள்.