ரூடி வாலாங்

ரூடி வாலாங் மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கைச் சேர்ந்த ப்ளூஸ் ராக் கிதார் கலைஞர், பாடகர், பாடலாசிரியர். தந்தை டோட்டோ வாலாங்கும் இசைக்கலைஞர். கிரேட் சொசைட்டி, மோஜோ ஆகிய குழுக்களில் வாசித்தபின், 2003இல் பாடகி டிப்ரிட்டி கார்பாங்கருடன் 'சோல்மேட்' குழுவைத் தொடங்கினார்.

இசைத்தொகுப்புகள்: இக்குழு 'ஷில்லாங்' (2005), 'மூவிங் ஆன்' (2009), 'டென் ஸ்டோரீஸ் அப்' (2014) ஆகியவற்றை வெளியிட்டது. பிறர் பாடல்களை மேடையேற்றுவதோடு நில்லாமல் சொந்தப் பாடல்களையே இவை முன்வைத்தன. மின்கிதாரில் கம்பியை வளைத்துச் சுரத்தை உயர்த்தும் ப்ளூஸ் உத்தியும், டிப்ரிட்டியின் கனத்த குரலும் குழுவின் அடையாளங்கள்.

மேடைகள்: அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் நடைபெறும் சர்வதேச ப்ளூஸ் போட்டியில் சோல்மேட் 2007இல் இந்தியாவின் சார்பில் பங்கேற்றது. மும்பையில் 2011இல் தொடங்கிய மகிந்திரா ப்ளூஸ் விழாவின் முதல் ஆண்டிலும் வாசித்தது.