சந்தேக மரணமா, கொலையா, விபத்தா? ஒரு சாவைச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது? முழு விளக்கம்

எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் யாராவது இயல்புக்கு மாறாக இறந்துவிட்டால், ஊரில் முதலில் எழும் கேள்வி: "என்ன கேஸு போட்டிருக்காங்க?" அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் தண்டனையும் அமையும். ஆனால், முதல் நாள் எழுதப்படும் பிரிவே கடைசி முடிவு அல்ல. இதே வட்டாரத்தில் நடந்த கோகுல்ராஜ் வழக்கு அதற்கு உதாரணம்.

தண்டவாளத்தில் கிடந்த உடல்

ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். மறுநாள், பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் அவரது உடல் கிடந்தது. பார்த்தவர்களுக்குத் தற்கொலை போலத்தான் தெரிந்தது. முதலில் பதிவானதும் சந்தேக மரணம்தான். பிறகே கொலை வழக்காக மாறியது.

பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த அவர், வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதால் கடத்திக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. முதன்மைக் குற்றவாளி யுவராஜுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

இறந்தவர் எப்படி இறந்தார் என்பதோடு, செய்தவர் மனதில் என்ன இருந்தது என்பதையும் சட்டம் பார்க்கிறது. கொல்லும் எண்ணமா, சாவு வரும் என்ற அறிவா, வெறும் அலட்சியமா? 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தையவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின்படிதான்.

கொலை (பிரிவு 103, பழைய 302): வரப்புத் தகராறில் வீட்டுக்குப் போய் அரிவாள் எடுத்துவந்து வெட்டினால் இது. தண்டனை மரணம் அல்லது ஆயுள். சாதி, மதம் போன்ற காரணங்களுக்காக 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொன்றால் 103(2) பாயும்.

கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் (105, பழைய 304): அதே வரப்பில், திட்டம் எதுவும் இல்லாமல், திடீர்ச் சண்டையில் விழுந்த அடியில் ஒருவர் இறந்தால் இதற்குள் வரலாம். எண்ணம் இருந்தால் ஆயுள் அல்லது 5 முதல் 10 ஆண்டு. எண்ணம் இல்லாமல், சாவு வரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தால் 10 ஆண்டு வரை. காட்டுப்பன்றிக்கு என்று திருட்டுத்தனமாக மின்வேலி போட்டு ஆள் செத்தாலும், இந்தப் பிரிவு வர வாய்ப்பு உண்டு.

அலட்சியத்தால் மரணம் (106, பழைய 304ஏ): கவனக்குறைவாக லாரி ஓட்டி ஒருவர் இறந்தால் இதுதான். முன்பு 2 ஆண்டு வரை இருந்த சிறை, இப்போது 5 ஆண்டு வரை.

வரதட்சணை மரணம் (80, பழைய 304பி): திருமணமாகி 7 ஆண்டுக்குள் இயல்புக்கு மாறான சாவு, அதற்குச் சற்று முன்புவரை வரதட்சணைக் கொடுமை. குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

தற்கொலைக்குத் தூண்டுதல் (108, பழைய 306): 10 ஆண்டு வரை சிறை.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சியம் இவற்றைப் பொறுத்துப் பிரிவு மாறலாம். குற்றப்பத்திரிகைக்குப் பிறகும் நீதிமன்றம் குற்றச்சாட்டை மாற்ற முடியும்.

அதனால் 'சந்தேக மரணம்' என்று எழுதிவிட்டார்களே என்று சோர்ந்துவிட வேண்டாம். கோகுல்ராஜ் வழக்கும் அங்கிருந்துதான் தொடங்கியது.