பூக்களமும் கோலமும் கணிப்பொறியும்

ஸ்ரீவராகம் குளத்தைச் சூழ்ந்தும் கோட்டையை ஒட்டியும் வாழும் நம் தமிழர் இல்லங்களில் ஒரே வாசல் இருவகை அழகைக் காண்பதுண்டு. மலையாளத்தார் சிங்கம் என்றழைக்கும் ஆவணியில், அத்தம் தொட்டுத் திருவோணம் வரை பத்து நாளும் பூக்களம். மார்கழி பிறந்துவிட்டால் மாக்கோலம். இவ்விரண்டில் பூக்களம் பள்ளிச் சிறுவரின் கணிப்பொறி வகுப்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. கோலமோ, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே கணிப்பொறி இயலுக்குள் சென்று சிறப்புப் பெற்றிருந்தும், நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாக அறிமுகமாகவில்லை. இவ்வரலாற்றை நம் அன்பர்கள் அறிந்துகொள்வது நன்றென எண்ணி ஈண்டு எழுதுகிறோம்.

நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறியைப் புகுத்த மத்திய அரசு 1984ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு பொறிகளே அன்று வழங்கப்பெற்றன. கேரளத்தில் 2001ஆம் ஆண்டு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் எழுந்தது. அதுவும் முதலில் உயர்நிலைப் பள்ளிகளையே நோக்கியது. அவ்வாண்டிலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளையைத் தொடங்கி வைத்தார். சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிகள் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்றதன் பக்கம் திரும்பின. இம்மாற்றத்தால் சிறு குழந்தைகளுக்கு விளைந்த நன்மை பெரிது. பில் கெண்ட்ரிக் என்னும் அமெரிக்கர் 2002இல் ஆக்கிய டக்ஸ் பெயின்ட் என்ற ஓவியப் பலகையும், பிரான்சில் பிறந்த ஜீகாம்ப்ரி என்ற விளையாட்டுத் தொகுப்பும் காசின்றிக் கிடைத்தன. (ஜீகாம்ப்ரி என்னும் பெயர் பிரெஞ்சு மொழியில் 'புரிந்துகொண்டேன்' என ஒலிக்கும், நல்ல பெயர்!) தொடக்கப் பள்ளிக்கென வந்த பாடநூலுக்குக் 'களிப்பெட்டி' என்றே பெயரிட்டனர்; விளையாட்டுப் பெட்டி என்பது பொருள். 2017இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனம் இப்பணியை ஏற்றது. 2019இல் தொடங்கிய திட்டம் 9,941 தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிக் கூடம் அமைக்க முற்பட்டது. 2018இல் தோன்றிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள், 2023இல் ஓணத்தையே பொருளாகக் கொண்டு முகாம் நடத்தின. அங்கே உயர்நிலை மாணவர் ஓணத்தைச் சுற்றியே கணிப்பொறி விளையாட்டுகளும் அசைபடங்களும் ஆக்கினர்.

விழாவுக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு, இது வெறும் அலங்காரந்தானே எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விடை சேமூர் பேப்பர்ட் என்னும் அறிஞரிடம் உள்ளது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவரும் அவர்தம் தோழரும் 1967இல் லோகோ என்ற கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்காகவே படைத்தனர். 'முன்னே செல்', 'வலம் திரும்பு' எனக் கட்டளையிட்டால் திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடிழுக்கும். 1980இல் வெளிவந்த தம் நூலில் பேப்பர்ட், பிரேசில் நாட்டு சம்பா நடனப் பள்ளிகளை எடுத்துக்காட்டுகிறார். திருவிழா ஊர்வலத்துக்காகச் சிறியோரும் முதியோரும், வல்லோரும் புதியோரும் ஒரே களத்தில் கூடிப் பயில்கின்றனர்; கணிப்பொறிக் கல்வியும் அவ்வாறு அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே விழாவானது பாடத்தின்மேல் பூசிய வண்ணமன்று. பாடத்தைக் குழந்தை தன்னுடையதாகக் கொள்ளும் வழி அதுவே.

பூக்களத்தையே பார்ப்போம். ஓர் இதழ் வரையும் கட்டளையைக் குழந்தை முதலில் எழுதுகிறது. பின்னர் ஆமையை 45 பாகை திருப்பி, அதையே எட்டு முறை செய்யப் பணிக்கிறது. எட்டு நாற்பத்தைந்து முந்நூற்றறுபது. மலர் முழுமை பெறுகிறது. 40 பாகை எனக் கொடுத்தாலோ ஒரு பக்கம் வெறுமையாய் நிற்கும்; 50 எனக் கொடுத்தால் எட்டாம் இதழ் முதல் இதழின்மேல் ஏறிவிடும். எவரும் 'தவறு' என்று கூற வேண்டியதில்லை, பூவே கூறிவிடும். டக்ஸ் பெயின்டில் கலைடாஸ்கோப் என்றொரு மாயக்கருவி உண்டு. ஒரு கோடு இழுத்தால் அது பல கோடாய்ச் சுழன்று நொடியில் பூக்களம் தோன்றும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும். ஒன்பது வயதினருக்கு அதனை நாம் பரிந்துரைக்க மாட்டோம். திருப்பத்தின் கணக்கைக் கருவியே விழுங்கிவிடுகிறதன்றோ?

இனி, கோலத்துக்கு வருவோம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974இல் கோலத்தின் இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சொற்கள் விதிப்படி சேர்ந்து வாக்கியம் ஆவதுபோல, சிறு சிறு வடிவங்கள் விதிப்படி சேர்ந்து கோலம் ஆகின்றன. ஒரு சிறு கோலத்துக்குரிய விதியையே மேலும் மேலும் செலுத்தினால் அக்குலத்துப் பெரிய கோலங்கள் பிறக்கின்றன. இதனை அவர்கள் கணிப்பொறி இயல் முறையில் நிறுவினர். பின்னர்க் கனடாவில் செடிகொடிகளின் வளர்ச்சியைக் கணிப்பொறியில் வரைந்துகாட்டிய புருசின்கீவிச் என்பார், 'கிருஷ்ணன் கொலுசு' எனப்படும் கோலத்தை மேலே கூறிய ஆமைக் கட்டளைகளைக் கொண்டே வரைந்தார். நம் பாட்டிமார் விடியற்காலையில் ஏடும் எழுதுகோலுமின்றிச் செய்துவந்த செயல், உலக அறிஞர் வியந்து ஆயும் பொருளாயிற்று. அவ்வறிஞர்தம் பெயரைக்கூட நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்டிருப்பரோ என்பது ஐயமே.

பொங்கலன்று திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு கேரள மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை அளிக்கப்பட்டு வருகிறது. அவ்விடுமுறையை ஒட்டி நம் சிறுவர் கணிப்பொறியில் பானை வரைகின்றனர், கரும்பு வரைகின்றனர், கதிரவனுக்குக் கண்ணும் மூக்கும்கூட வைக்கின்றனர். வாழ்த்தை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்கின்றனர். தமிழ் பேசியும் எழுதவியலாத தலைமுறை ஒன்று நம் கண்முன்னே வளர்கிறது. நம் கவலையெல்லாம் இதுவே. பள்ளியின்மேல் பழிபோட்டு நாம் தப்பவியலாது. அங்கே மலையாளச் சூழலில் ஓணம் முன்னிற்பது இயல்பே. பொங்கல் விடுமுறையில் பத்துப் பிள்ளைகளை அழைத்து, இரண்டு பொறிகளை வைத்து, புள்ளிக் கோலமும் ஒரு வரி வாழ்த்தும் பயிற்றுவதற்குச் சங்கத்துக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. டக்ஸ் பெயின்டைத் தமிழ் முகத்தோடே திறக்கலாம்.

விசைப்பலகைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பெற்ற தமிழ்99 அமைப்பில், 'பொங்கல்' என்னும் சொல்லுக்கு ஆறே தட்டல்கள். ப, ஒ என இரண்டைத் தட்டினால் 'பொ' உருவாகும். அடுத்து ங, க எனத் தட்டியவுடன் ஙகரத்தின்மேல் புள்ளி தானாகவே விழும். இன எழுத்துகளின் உறவைப் பொறியும் அறிந்திருக்கிறது. பின்னர் ல. அதன்மேல் இடவேண்டிய கடைசிப் புள்ளியை மட்டும் குழந்தையே தன் விரலால் தட்டி இடவேண்டும்.