நீர்க்குளிர்ச் சுற்று (மேசைக் கணினி)

மேசைக் கணினியின் பிராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் எழும் வெப்பத்தை ஓடும் நீரில் ஏற்றி, ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றில் கலக்கவிடும் மூடிய குழாய் அமைப்பு நீர்க்குளிர்ச் சுற்று. ஆர்வலர்கள் பேச்சில் இது ‘லூப்’. தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி விற்கப்படும் ஆயத்தக் கூலர்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் இங்கு பம்ப், தொட்டி, வாட்டர் பிளாக், ரேடியேட்டர், குழாய் அனைத்தையும் கட்டுபவரே தேர்ந்து, அளந்து, வெட்டிப் பூட்டுகிறார். பிறகு பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றவும் முடிகிறது.

கணினியை நீரால் குளிர்விப்பது பழைய வழக்கம். 1960களில் ஐபிஎம் செய்த சிஸ்டம்/360 மாடல் 91 நீரால் குளிர்ந்த பெருங்கணினி. அந்நிறுவனத்தின் 3081இல், சில்லுகளின் முதுகில் ஸ்பிரிங்கால் அழுந்தி நின்ற சிறு அலுமினியத் தண்டுகள் வெப்பத்தை நீரோடும் தகட்டுக்குக் கடத்தின. வீட்டுக் கணினிக்கு இம்முறையைக் கொண்டுவந்தவர்கள் 1990களின் இறுதியில் தலையெடுத்த ஆர்வலர்கள். கார் ஹீட்டரின் ரேடியேட்டர், மீன்தொட்டிப் பம்ப், கையால் கடைந்த செம்புத் தகடு ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்த பாகங்கள். 2004இல் ஆப்பிள் தனது பவர் மேக் ஜி5இன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலை நீர்க்குளிர்ப்புடன் விற்றது. பின்னர் வந்த சில்லுகளின் பசி இன்னும் பெரிது. இன்டெல் கோர் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட்டும், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட்டும் இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 700 வாட். அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும்.

ஒரே கன அளவை ஒரு டிகிரி சூடாக்க, காற்றைவிட நீருக்கு ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பம் தேவை. அதனால் விரல் பருமனுள்ள குழாயே பெரும் வெப்பத்தைச் சுமந்துவிடும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் சுற்றில் 700 வாட்டை ஏற்றினால், பாகங்களைத் தாண்டி வரும் நீர் ஏறத்தாழ 2.5 டிகிரிதான் சூடேறியிருக்கும். புதிதாகக் கட்டுவோரை அதிகம் அலைக்கழிக்கும் கேள்விக்கு இந்தக் கணக்கே விடை. பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே ரேடியேட்டர் வைக்க வேண்டியதில்லை. குழாய் வளைக்க எளிதான வரிசை எதுவோ அதுவே நல்ல வரிசை. மீறக்கூடாத விதி ஒன்றே: தொட்டி பம்புக்கு முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இவ்வகைப் பம்புகள் தாமாக நீரை உறிஞ்சி இழுப்பதில்லை. பரவலாகப் புழங்கும் லைங் டி5, டிடிசி இரண்டிலும் சுழலும் பகுதிக்கு உள்ளே ஓடும் நீர்தான் மசகு. வறண்டு ஓடினால் சீக்கிரமே கெட்டுவிடும்.

நீர் எவ்வளவு சூடாக நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது ரேடியேட்டர். 120 மி.மீ. விசிறி ஒன்று பொருந்தும் பரப்புக்கு 100 வாட் என்பது கட்டுவோரின் கைக்கணக்கு. விசிறிகள் அமைதியாக ஓட இது போதும். 360 மி.மீ. ரேடியேட்டர் இரண்டு இருந்தால், மேற்சொன்ன பிராசசரும் கார்டும் விளையாட்டின்போது நிம்மதியாக ஓடும், ஏனெனில் இரண்டும் ஒருசேர உச்சத்தைத் தொடுவது அரிது. ரேடியேட்டரின் தடிமனைக் கூட்டுவதைவிடப் பரப்பைக் கூட்டுவதே பயன் தரும். எவ்வளவு பெரிதாக வைத்தாலும் நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது. 35 டிகிரி அறையில் 35 டிகிரிக்கு மேல்தான் நிற்கும்.

சில்லின் மேல் அமரும் வாட்டர் பிளாக்கின் அடித்தகடு செம்பு. அதில் மயிரிழைபோன்ற நெருக்கமான துடுப்புகளைச் சீவி, அவற்றின் இடுக்கில் நீரைப் பாய்ச்சுகிறார்கள். கார்டுக்கான பிளாக் நினைவகச் சில்லுகளையும் மின்சாரம் சீராக்கும் பாகங்களையும் சேர்த்து மூட வேண்டும். ஒரே சில்லுள்ள கார்டுகளிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் பலகையின் அமைப்பு மாறும் என்பதால், கார்டின் முழுப் பெயரைப் பொருத்திப் பார்த்த பின்பே பிளாக் வாங்க வேண்டும்.

உலோகத் தேர்வில் தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண். செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு மூன்றும் ஒரே நீரில் ஒத்துப்போகும். அலுமினியம் கலந்தால் நீர் மின்பகுளியாகி, செம்புக்கு எதிரே அலுமினியம் அரித்துக் கரைகிறது. விலை குறைந்த ரேடியேட்டர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. அரிப்புத் தடுப்பான் இந்தச் சேதத்தைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது.

குழாய் இருவகை. மென்குழாய் அமைப்பது எளிது. பி.வி.சி. குழாயிலிருந்து நெகிழியாக்கி கசிந்து நாளடைவில் பிளாக்கை அடைக்கும், கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை. அக்ரிலிக் போன்ற கடினக் குழாய்க்குள் சிலிகோன் கயிற்றைச் செருகி, ஹீட் கன்னால் சூடாக்கி வளைக்க வேண்டும். வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் மழிக்காமல் செருகினால், கூர்முனை இணைப்பியின் (பிட்டிங்) ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். கசிவு அங்கிருந்துதான் தொடங்கும்.

பூட்டுமுன் புதிய ரேடியேட்டரைச் சூடான காய்ச்சி வடித்த நீரால் பலமுறை குலுக்கிக் கழுவ வேண்டும். பற்றவைப்புக்கு இட்ட ஃப்ளக்ஸ் உள்ளே தங்கியிருக்கும். நிரப்பும் முன் கைப்பம்பால் அரை பார் அழுத்தத்துக்குக் காற்றடித்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. நீர் விட்டபின் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் தராமல், பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்துப் பம்பை மட்டும் ஓட்டுவார்கள். ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் காகிதத் துண்டு வைத்து ஒரு நாள் முழுவதும் கவனிப்பது வழக்கம். பெட்டியை மெல்லச் சாய்த்தால் சிக்கிய காற்று தொட்டிக்கு ஏறும்.

குழாய்நீரில் உப்பு படியும். காய்ச்சி வடித்த நீரோடு அரிப்புத் தடுப்பானும் பாசிக் கொல்லியும், அல்லது ஆயத்தக் கிளைகோல் கலவை ஏற்றது. மின்சாரம் கடத்தாது என்று விற்கப்படும் திரவமும் உலோகத்தோடு பழகியபின் கடத்தத் தொடங்கும். பால்போன்ற வண்ணத் திரவங்களின் துகள்கள் துடுப்புகளில் படிவதால் அவை நெடுநாள் பயன்பாட்டுக்கு உகந்தவையல்ல.

விசிறி வேகத்தைச் சில்லின் வெப்பநிலையோடு கட்டினால் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். நீரின் வெப்பநிலையோடு கட்டுவதே சரி, ஏனெனில் நீர் நிமிடக் கணக்கில்தான் மாறும். அதற்கான உணரி பழுதையும் காட்டிக்கொடுக்கும். ஒரே வேலைச்சுமையில் நீருக்கும் அறைக்கும் உள்ள இடைவெளி கூடினால் ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கும், அல்லது விசிறி நின்றிருக்கும். சில்லுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி கூடினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், பிளாக் அடைத்திருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். அப்போது சுற்றின் அடிமட்டத்தில் வைத்த வால்வைத் திறந்து நீரை வடித்து, பிளாக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.