ஆயுதமாக மாறிய ஒரு கை

எங்கள் டீமில் போன வருடம் சேர்ந்த தம்பி ஒருவர் முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு சுழி பச்சை குத்தியிருந்தார். டீக்கடையில் நிற்கும்போது மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பிள்ளையார் சுழியா?" என்று கேட்டார். "இல்ல சார், டெபியன்" என்றார் தம்பி. மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனாலும் ஆச்சரியம் போகவில்லை.

அம்மாச்சி கையில் கோலம் போல வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். எங்கள் ஊரில் கட்சிக் கொடியைக் குத்தியவர்களையும், நடிகர் பெயரைக் குத்தியவர்களையும், காதலி பெயரைக் குத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு முழுக்கைச் சட்டைக்கு மாறியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக ஒருத்தர் ஊசி வலியைத் தாங்குவாரா? இந்தக் கேள்வியோடு தேட உட்கார்ந்தேன். லினக்ஸ் பென்குயின், பிஎஸ்டி குட்டிப் பிசாசு என்று எதிர்பார்த்தவை எல்லாம் வந்தன. என்னை நிறுத்தியது படமே இல்லாத ஒரு பச்சை. ஒரு கையில் சில வரி எழுத்துகள், அவ்வளவுதான். டாலர் குறி, சதவீதக் குறி, அடைப்புக்குறி என்று பூனை கீபோர்டில் நடந்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது பெர்ல் மொழியில் எழுதிய ஒரு நிரல். 1990களின் நடுவில் அதைக் குத்திக்கொண்டபோது, அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அந்த எழுத்துகள் ஒரு ஆயுதம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

பீரங்கியும் பெர்லும் ஒரே பட்டியலில்

செய்தியைச் சங்கேதமாக மாற்றும் மறையாக்கம் நீண்ட காலம் ராணுவத்தின் சொத்தாகத்தான் இருந்தது. அதனால் அமெரிக்க அரசின் ஆயுதப் பட்டியலில் பீரங்கி, ஏவுகணை, போர் விமானம் இவற்றோடு மறையாக்க மென்பொருளும் இருந்தது. பட்டியலில் உள்ளதை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். ஏற்றுமதி என்றால் கப்பலில் ஏற்றுவது மட்டும் இல்லை. ஆயுதம் சார்ந்த தொழில்நுட்ப விவரத்தை அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது ஏற்றுமதிதான்.

மறையாக்கம் ராணுவத்தின் கையில் மட்டும் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 1991இல் பில் ஜிம்மர்மன் என்ற புரோகிராமர் பிஜிபி என்ற மென்பொருளை எழுதி, மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார். வீட்டுக் கணினி வைத்திருக்கும் யாரும் அரசாங்கமே பிரிக்க முடியாத மடலை அனுப்பலாம் என்ற நிலை வந்தது. அது இணையம் வழியாகச் சீக்கிரமே நாடு தாண்டியது. 1993இல் ஜிம்மர்மன் மீது விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு எதுவும் பதியாமல் 1996 ஜனவரியில் அதைக் கைவிட்டார்கள். நடுவில் அந்த மனிதர் மூன்று வருடம் "என்றைக்குக் கைது செய்வார்களோ" என்று வாழ்ந்தார்.

சாதாரணப் பயனருக்கும் இது இடித்தது. நெட்ஸ்கேப் உலாவியை அமெரிக்கர்களுக்கு 128 பிட் பலத்திலும், மற்ற உலகத்துக்கு 40 பிட் பலத்திலும் கொடுத்தார்கள். நாம் அந்த மற்ற உலகத்தில் இருந்தோம்.

தாள் வேறு, ஃப்ளாப்பி வேறு

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கூத்து வருகிறது. புரூஸ் ஷ்னையர் எழுதிய "அப்ளைடு கிரிப்டோகிராஃபி" புத்தகத்தின் பின்பகுதியில் பல மறையாக்க முறைகளின் மூலநிரல் அச்சாகியிருந்தது. 1994இல் பில் கார்ன் என்ற பொறியாளர் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் எழுதிக் கேட்டார்: இந்தப் புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம், அது பொதுவெளியில் இருப்பது என்று பதில் வந்தது. அடுத்து, அதே நிரலைத் தட்டச்சு செய்து ஃப்ளாப்பியில் போட்டு அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது, அது ஆயுதம் என்றார்கள்.

ஒரே எழுத்து, ஒரே புள்ளி, ஒரே கமா. தாளில் இருந்தால் பேச்சு, ஃப்ளாப்பியில் இருந்தால் ஆயுதம். கார்ன் நீதிமன்றத்துக்குப் போனார்.

பிஜிபி தரப்பு இந்த ஓட்டையை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. 1995இல் எம்ஐடி பிரஸ் பிஜிபியின் மூலநிரல் முழுவதையும் புத்தகமாகவே வெளியிட்டது. பின்னர் 1997இல் வந்த 5.0 பதிப்பை 6000க்கும் மேற்பட்ட பக்கங்களில் அச்சடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மறுபடியும் ஓடும் மென்பொருளாக மாற்றினார்கள். ஓசிஆர் வைத்து ஒரு பத்துப் பக்கம் எடுத்துத் திருத்தியவர்களுக்கே அந்த உழைப்பு என்னவென்று தெரியும். நான் ஒரு பழைய கெஸட்டியரின் 40 பக்கத்துக்கே ஒரு மாதம் எடுத்துக்கொண்டவன்.

கையெழுத்து, சட்டை, தோல்

1995இல் ஆடம் பேக் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சி மாணவர் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தைப் பெர்லில் மிகச் சுருக்கமாக எழுதினார். பெரிய எண் கணக்குகளுக்கு யூனிக்ஸில் ஆதிகாலம் தொட்டு இருக்கும் 'டிசி' என்ற கால்குலேட்டரைக் கூப்பிட்டுக்கொள்ளும் தந்திரம் அதில் இருக்கிறது. பலர் கைவைத்து எழுத்து எழுத்தாகக் குறைத்து, 3 வரி, 2 வரி என்று கொண்டுவந்தார்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் 1998இல்தான் வந்தது என்றாலும், வேலை நடந்த விதம் அதுவேதான்.

இவ்வளவு சின்ன ஆயுதத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் இல்லையா? மின்னஞ்சலின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக அதைப் போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மடலும் ஒரு ஆயுதக் கடத்தல்! இன்னொரு வேடிக்கை, நிரல் பிறந்ததே இங்கிலாந்தில். ஆனாலும் ஒரு அமெரிக்கர் அதை இறக்கிவைத்துவிட்டு, அதே இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினால் குற்றம். பிறகு டீ-சர்ட் வந்தது. நிரலோடு, கருவி படிக்கக்கூடிய பார்கோடும் சேர்த்து அச்சடித்து, இந்தச் சட்டை ஆயுத வகையைச் சேர்ந்தது என்று எச்சரிக்கையும் போட்டார்கள்.

அதற்கு அடுத்த படிதான் நான் சொன்ன கை. சட்டையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு விமானம் ஏறலாம். கையை எங்கே கழற்றி வைப்பது? இந்தக் கையோடு அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் அது பயணமா, ஏற்றுமதியா? கடற்கரையில் ஒரு வெளிநாட்டுக்காரர் பக்கத்தில் சட்டையில்லாமல் படுத்தால்? தாள் பேச்சு, ஃப்ளாப்பி ஆயுதம் என்று கோடு போட்டவர்களிடம், சரி, தோல் எந்தப் பக்கம் என்று கேட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கையை யாரும் கைது செய்யவில்லை. அதன் நோக்கமும் அதுவல்ல என்று நினைக்கிறேன். சட்டத்தின் அபத்தத்தைப் பக்கம் பக்கமாக எழுதி விளக்குவதைவிட, ஒரு போட்டோ வேகமாக விளக்கிவிட்டது.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம். நடிகர் முகத்தைக் குத்தும்போது மூக்கு கொஞ்சம் கோணினாலும் யார் என்று தெரிந்துவிடும். நிரலில் ஒரு புள்ளி தவறினாலும் அது நிரலே இல்லை, வெறும் மை. பச்சை குத்தியவர் எத்தனை தடவை சரிபார்த்திருப்பார் என்று யோசிக்கிறேன். நமக்கெல்லாம் புரொடக்ஷனில் போட்ட பிறகும் திருத்த வாய்ப்பு இருக்கு. அவருக்கு இல்லை.

நீதிமன்றத்தில்

இதே சமயம் பெர்க்லியில் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற மாணவர் ஸ்னஃபிள் என்ற தன் மறையாக்க முறையை வெளியிட அனுமதி கேட்டு, கிடைக்காமல், 1995இல் அரசு மீது வழக்குப் போட்டார். மூலநிரல் என்பது மனிதர் மனிதருக்கு எழுதுவதும்தான், ஆகவே அது பேச்சுரிமைக்குள் வரும் என்பது அவர் தரப்பு வாதம். 1996இல் நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் அதை ஏற்றார். 1999 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஒட்டியே தீர்ப்பளித்தது. பிறகு விதிகள் மாறியதால் அந்தத் தீர்ப்பு மறுவிசாரணைக்குப் போய் வலு இழந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2000 ஏப்ரலில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், யுங்கர் என்ற சட்டப் பேராசிரியரின் வழக்கில், மூலநிரலுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று சொன்னது. (இந்த பெர்ன்ஸ்டைன் பின்னால் வடிவமைத்த சாச்சா20, கர்வ்25519 இரண்டும் இன்றைக்கு உங்கள் போனிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.)

1996 கடைசியில் மறையாக்கத்தை ஆயுதப் பட்டியலிலிருந்து எடுத்து வணிகத் துறையிடம் கொடுத்தார்கள். ஆயுதம் என்ற பெயர் போனது, அனுமதி வாங்கும் தொல்லை போகவில்லை. 2000 ஜனவரியில்தான், பொதுவெளியில் கிடைக்கும் மூலநிரலை அரசுக்கு ஒரு தகவல் கொடுத்துவிட்டு இணையத்தில் போடலாம் என்று விதி தளர்ந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஆர்எஸ்ஏவின் அமெரிக்கக் காப்புரிமையும் காலாவதியானது. அதாவது அதுவரை அந்தக் கையில் இருந்தது ஒரு தனியார் காப்புரிமையும்கூட!

மறுபடியும் அந்தச் சுழி

இதெல்லாம் தம்பியின் கையில் இருந்த சுழிக்கு என்ன சம்பந்தம்? இருக்கு. டெபியன் அந்தக் காலத்தில் மறையாக்க நிரல்களை 'நான்-யுஎஸ்' என்று தனியாகப் பிரித்து, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள சர்வரில் வைத்திருந்தது. 2002இல் வந்த 3.0 பதிப்பில்தான் அவை பிரதான களஞ்சியத்துக்குள் வந்தன. ஓப்பன்பிஎஸ்டி கனடாவில் இருந்து வேலை செய்ததும், அங்கிருந்து 1999இல் ஓப்பன்எஸ்எஸ்எச் வந்ததும் இதே பின்னணியில்தான். இன்றைக்கு நாம் யோசிக்காமல் ஒரு வரிக் கட்டளையில் நிறுவிக்கொள்வது அன்றைக்கு எல்லைப் பிரச்சினை.

அந்தச் சுழியும் சும்மா வந்ததல்ல. 1999இல் போட்டி வைத்து, டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. இதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். எல்லா லோகோவும் அப்படியில்லை. ஃபயர்பாக்ஸின் நிரல் கட்டற்றது, ஆனால் பெயருக்கும் படத்துக்கும் வர்த்தகமுத்திரைக் கட்டுப்பாடு இருந்ததால், 2006இல் டெபியன் அதை 'ஐஸ்வீசல்' என்று பெயர் மாற்றியே கொடுத்தது. மறுபடி ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் வர 2016 ஆனது.

டெபியன் என்ற பெயரே ஒரு பச்சை மாதிரிதான். 1993இல் இயன் மர்டாக் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தது. இருவரும் மணந்துகொண்டு, பின்னர் பிரிந்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் இயனும் போய்விட்டார். பெயர் மட்டும் அழியாமல் ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது எங்கோ நடந்த பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2015 செப்டம்பரில் இந்திய அரசு ஒரு மறையாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. மறையாக்கம் செய்து அனுப்பும் செய்தியின் வெற்று வடிவத்தைப் பயனர்களே 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு டிக்கெட்டை மூடும் அவசரத்தில் இருந்தேன் என்று ஞாபகம்.

அந்தக் கையில் உள்ள நிரல் இன்றைக்குப் பாதுகாப்பானதல்ல. பாடப்புத்தகத்தில் உள்ளபடியே ஆர்எஸ்ஏவைச் செய்கிறது, கூடுதல் நிரப்பல் எதுவும் கிடையாது. அன்று பலர் நம்பிய 512 பிட் அளவை 1999 ஆகஸ்டிலேயே உடைத்துவிட்டார்கள். இப்போது 2048க்குக் குறைந்து யாரும் தருவதில்லை. தோலுக்கு அப்டேட் கிடையாது. ஆனால் அந்த நிரல் ஓட வேண்டிய இடம் கணினி அல்ல, ஒரு வாதம். அது 2000 ஜனவரி வரை பிழையில்லாமல் ஓடியது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா. காலேஜ்ல என் பழைய லேப்டாப்ல விண்டோஸ் ஓடல, டெபியன் மட்டும்தான் ஓடுச்சு. அதுல கத்துக்கிட்டுத்தான் இந்த வேலை கிடைச்சுது. அதான் குத்திக்கிட்டேன்" என்றார்.

அதுவும் சரியான காரணம்தான் என்று தோன்றியது. சொல்லப்போனால், அந்த லேப்டாப்புக்கு டெபியன் தடையில்லாமல் வந்து சேர்ந்ததற்கு, ஒரு காலத்தில் யாரோ தன் கையையே ஆயுதமாக்கிக் காட்டியதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கு.