ராக்ஃபெல்லர் உதவித்தொகையும் திண்மநிலை இயற்பியலும்

இளம் விஞ்ஞானிகளை நாடு கடந்து அனுப்பும் உதவித்தொகை, ஐரோப்பிய இயற்பியலில் பெரிய அளவில் வேரூன்றியது 1923க்குப் பிறகு. ஜான் டி. ராக்ஃபெல்லரின் மகன் அளித்த நிதியில் அந்த ஆண்டு சர்வதேசக் கல்வி வாரியம் அமைந்தது. விக்லிஃப் ரோஸ் அதன் தலைவரானார். முதல் உலகப்போரின் பகை அப்போது ஆறியிருக்கவில்லை. 1919இல் நேச நாடுகள் நிறுவிய சர்வதேச ஆராய்ச்சி மன்றத்தில் ஜெர்மனிக்கு இடமில்லை. பணவீக்கமோ ஜெர்மானிய ஆய்வகங்களை வறுமையில் தள்ளியிருந்தது. ரோஸின் வாரியம் வென்றவர், தோற்றவர் என்று பார்க்கவில்லை. 1924இல் அதன் பணத்தில் ஜெர்மனியின் ஹைசன்பர்க் கோபன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போரிடம் சென்றார். இத்தாலியின் ஃபெர்மி ஹாலந்தின் லைடன் நகருக்குச் சென்றார். இருவருக்கும் அப்போது வயது இருபத்துமூன்றைத் தாண்டவில்லை.

பொதுவாக ஓராண்டுக்குத்தான் உதவித்தொகை கிடைக்கும். முடிந்ததும் சொந்த நாட்டில் ஒரு வேலை காத்திருக்க வேண்டும் என்பது விதி. சிறந்த ஆளைச் சிறந்த இடத்துக்கு அனுப்புவதே நோக்கம். அங்கே அவர் எதைக் கண்டுபிடிப்பார் என்று யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. இத்திட்டத்தின் உண்மையான வலிமை அதில்தான் இருந்தது. 1927இல் சூரிச்சில் ஷ்ரோடிங்கரை நாடி வந்திருந்த ஹைட்லர், ஃபிரிட்ஸ் லண்டன் என்ற இரு இளைஞர்கள், இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் குவாண்டம் இயக்கவியலால் விளக்கினர். வேதிப் பிணைப்பின் நவீனக் கோட்பாடு அங்கிருந்து தொடங்குகிறது.

அதே 1927இல் ஹைசன்பர்க் லைப்சிக்கில் பேராசிரியரானார். அவருடைய மாணவர் ஃபெலிக்ஸ் புளோக், ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்துக்குள் எலெக்ட்ரான் அலையாகத் தடையின்றிச் செல்லும் என்று 1928இல் காட்டினார். அரிய முடிவுதான், ஆனால் அதிலிருந்து ஒரு சிக்கல் முளைத்தது. அப்படியானால் எல்லாப் படிகமும் மின்சாரத்தைக் கடத்த வேண்டுமே, வைரம் ஏன் கடத்துவதில்லை?

விடை சொன்னவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆலன் வில்சன். 1931இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் லைப்சிக் வந்த அவர், அங்கிருந்தோர் பழகிப்போய்க் கேள்வி கேட்காமல் விட்டதைக் கேட்டார். எலெக்ட்ரான்களுக்கு உரிய ஆற்றல் நிலைகள் பட்டைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பட்டை முழுதும் நிரம்பியிருந்தால், ஒரு திசையில் செல்லும் ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் எதிர்த்திசையில் இன்னொன்று ஈடாக இருக்கும். ஆகவே மின்னோட்டம் எழாது. அடுத்த பட்டைக்கான இடைவெளி பெரிதாக இருந்தால் அது மின்கடத்தாப் பொருள். சிறிதாக இருந்தால் குறைகடத்தி. இரண்டாவதில் வெப்பமும், கலந்திருக்கும் மாசுகளும் சில எலெக்ட்ரான்களுக்கு நகர வழிவிடுகின்றன. புளோக் முதலில் இதை ஏற்க மறுத்தார், யோசித்தபின் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டே வில்சனின் இரண்டு கட்டுரைகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தன. கேம்பிரிட்ஜ் திரும்பியதும் ஜெர்மானியம் என்ற தனிமத்தை ஆராய்ந்து பார்க்கலாம் என்று அவர் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டர் பிறந்தது அந்த ஜெர்மானியத்தில்தான்.

அமெரிக்காவுக்கும் இந்த அறிவு உதவித்தொகை வழியாகவே சென்றது. கூகன்ஹைம் அறக்கட்டளையின் உதவியில் லைப்சிக்கில் தங்கிப் படித்த ஜான் ஸ்லேட்டர், 1930இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். டிரான்சிஸ்டர் குழுவை நடத்திய ஷாக்லி அவரிடம் ஆய்வு செய்தவர்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லைப்சிக் வட்டம் சிதறியது. யூதரான புளோக் வெளியேறி, ராக்ஃபெல்லர் உதவியில் ரோமில் ஃபெர்மியுடன் சிறிது காலம் இருந்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு சேர்ந்தார். அதே வட்டத்தைச் சேர்ந்த, அப்போது உதவித்தொகையில் கேம்பிரிட்ஜில் இருந்த பையர்ல்ஸ் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. சொந்த நாட்டில் வேலை காத்திருக்க வேண்டும் என்ற விதி, நாட்டையே இழந்தவர்களை வாட்டியது. பதவி பறிக்கப்பட்டோருக்காக ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தனி நிதி ஒதுக்க வேண்டியதாயிற்று.

போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி இதே வழியைத் தானே கையில் எடுத்தது. 1953இல் ஹம்போல்ட் அறக்கட்டளை மீண்டும் தொடங்கப்பட்டு, வெளிநாட்டு இளம் ஆய்வாளர்களை ஜெர்மானிய ஆய்வகங்களுக்கு அழைத்தது. அதன் தலைவராக 1975 வரை இருந்தவர் ஹைசன்பர்க். 1979இல் எதிர்த்திசையிலும் பாதை திறந்தது: ஃபியோடர் லைனன் பெயரிலான திட்டத்தில், ஜெர்மானிய இளைஞர்கள் முன்னாள் ஹம்போல்ட் ஆய்வாளர்களின் நாடுகளுக்குச் சென்று அவர்களுடன் பணியாற்றத் தொடங்கினர். லைப்சிக்கில் பிறந்த கோட்பாடும் தொடர்ந்து வளர்ந்தது: குறைகடத்திப் படிகத்தை நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் வில்சன் சொன்ன ஆற்றல் இடைவெளி விரிந்து அதன் நிறமே மாறுகிறது என்பதை எகிமோவ், புருஸ் என்ற ஆய்வாளர்கள் கண்டது அடுத்த சில ஆண்டுகளில். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் அந்த நுண்படிகங்களுக்காக, பவென்டியுடன் அவர்கள் 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.