பெருச்சாளியின் பெயர் கடல் கடந்த கதை

ஆஸ்திரேலியாவில் ‘பாண்டிகூட்’ எனப்படும் விலங்கு எலியினம் அல்ல; கங்காருவைப் போல் குட்டியைப் பையில் சுமப்பது. பெயர் மட்டும் தெலுங்குக் கரையில் பிறந்தது. நம் பெருச்சாளியைத் தெலுங்கர் பந்திகொக்கு, அதாவது பன்றியெலி, என்பர். இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் வாயில் அது உருமாறியது. 1799இல் கடலோடி ஜார்ஜ் பாஸ் அதை ஆஸ்திரேலிய விலங்குக்குச் சூட்டினார். வெறும் உருவ ஒற்றுமைதானே என்று கேட்கலாம். நீண்ட மூஞ்சியும் மண்ணைக் கிளறும் வழக்கமும் ஒத்தவைதாம். ஆனால் இந்தியச் சொல் ஆங்கிலேயர் நாவில் ஏற்கெனவே பழகியிருந்ததால்தான் அந்த ஒற்றுமை பெயரானது. கேட்டிருந்தால் அம்மண்ணின் மக்களிடமே பெயர்கள் இருந்தன. மேற்கே நூங்கார் மக்களின் ‘குவெண்டா’ இன்றும் வழக்கில் உள்ளது.

பெயரோடு பழியும் சேர்ந்தது. மேலே செடி அப்படியே நிற்க, அடியில் உருளைக்கிழங்கைத் தோண்டித் திருடுவதற்கு ஆஸ்திரேலியர் ‘பாண்டிகூட்’ என்பதையே வினைச்சொல்லாக்கினர். தமிழில் பொதுப்பணத்தைத் தின்று கொழுப்பவர் பெருச்சாளி. விளைச்சலைப் பறிகொடுத்த உழவரின் கோபமே இரண்டுக்கும் ஊற்று என்பேன். கோபம் நியாயமில்லையா? வரப்பைக் குடைந்து நெல் பதுக்கும், பெருச்சாளிக்கு உறவான நம் வயலெலிமேல் நியாயம்தான். அந்தப் பைவிலங்கோ பெரும்பாலும் பூச்சி, புழு, பூஞ்சை தேடியே தோண்டுகிறது. அதன் குழிகளில் மழைநீர் இறங்கி மண் வளம் பெறுகிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த நரிகளே அதற்குப் பேரழிவாயின.